நடை விரும்பியோரும் நடை வெறுத்தோரும்

தைத்திங்கள் பிறந்துவிட்டால் திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலை காலடிகளால் நிறைந்துவிடும். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. வாரத்தின் ஆறு நாளும் கட்டிங் மேசையின் முன்பும் தேய்ப்புப் பெட்டியின் முன்பும் ஒன்றரை ஷிப்டு நின்று களைத்த கால்கள், தமக்குக் கிடைத்த இரண்டொரு விடுமுறை நாளையும் ஓய்வுக்குக் கொடாமல் நடைக்குக் கொடுக்கின்றன. அதே சாலையில் பேருந்தில் அமர்ந்து செல்வோர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, இத்தனை வண்டி வாகனம் இருக்க இவர்கள் எதற்காக இப்படிக் கால் தேய நடக்கிறார்கள் என்று வியப்பதும் உண்டு, சலித்துக்கொள்வதும் உண்டு.

நடப்பவர் ஒருபுறம், நடையை வெறுப்பவர் மறுபுறம் என்னும் இப்பிரிவு இன்று தோன்றியதன்று. மலையேறுவதில் இன்பம் காண்போரும், அதனை வீண் உழைப்பெனக் கருதுவோரும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். இதனை வெறும் மனப்போக்கு வேறுபாடு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆயினும், கொங்கு நாட்டின் வழித்தடங்களைச் சற்றே பின்னோக்கிச் சென்று காணுங்கால், இவ்விருப்புக்கும் வெறுப்புக்கும் பின்னே நெடிய வரலாறொன்று கிடப்பது புலனாகும்.

ஆற்றுப்படையும் பாலையும்

தமிழிலக்கியம் இவ்விரு உணர்வுகளையும் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டது. பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்தும் ஆற்றுப்படையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கிறது. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படையே. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் என்னும் புலவர் நன்னனைப் பாடியது. 583 அடிகள் கொண்டது. மலைநாட்டு வழியை இத்துணை நுணுக்கமாக உரைக்கும் பழந்தமிழ் நூல் வேறொன்றைக் காண்பது அரிது. பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள், பாம்புறையும் குழிகள், வழுக்கும் பாசிநிலம், இரவில் தங்கத்தகும் குகைகள், விருந்து தரும் குறவர் சிற்றூர்கள், அருவியும் விலங்கும் எழுப்பும் பலவகை ஒலிகள் என வழிச்செல்வோன் அறியவேண்டிய அனைத்தும் அந்நூலில் இடம்பெறுகின்றன. அச்சமும் வியப்பும் ஒன்றையொன்று விலக்காமல் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஆனால் அக்கூத்தர் கூட்டம் மலையழகைக் காணப் புறப்பட்டதன்று என்பதையும் மறத்தலாகாது. வறுமை அவர்களை நடக்கச் செய்தது. இசைக்கருவிகளைப் பையிலிட்டுத் தோளில் சுமந்து, சுற்றத்தோடும் பசியோடும் ஏறினர். மலை அவர்களுக்குக் கடக்கவேண்டிய இடமாகவே இருந்தது. கடக்கும்போது கண்ணில் பட்ட அழகைப் புலவன் விட்டுவிடவில்லை, அவ்வளவே.

பாலைத்திணைப் பாடல்களோ நடையின் மறுபக்கம். பொருள்வயிற் பிரிந்து செல்வோன் கடக்கும் நீரற்ற காடு, வழிப்பறி செய்யும் மறவர், வழியில் இறந்தோர்மீது குவித்த கற்குவைகள் ஆகியவை அங்கே மீண்டும் மீண்டும் வருகின்றன. வீட்டில் இருப்பவளின் அச்சத்தின் வழியே அவ்வழி நமக்குக் காட்டப்படுகிறது. சிலப்பதிகாரத்தில், புகார் நகரெல்லை கடந்து சிறிது தொலைவே சென்ற நிலையில், மெல்லடி நொந்த கண்ணகி மதுரை மூதூர் எங்குள்ளது என வினவும் இடம் படிப்போர் நெஞ்சில் தங்குவது. நடக்கப் பழகாத கால்களைச் சூழ்நிலை நடக்க வைத்தால் என்ன நேரும் என்பதை இளங்கோவடிகள் அவ்வொரு வினாவில் காட்டிவிடுகிறார்.

கொங்கின் பெருவழிகள்

கொங்கு நாடு வழிகளின் நாடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே அமைந்த இடைவெளி, மேலைக்கடற்கரையையும் சோழநாட்டையும் இணைக்கும் இயற்கை வாயிலாக விளங்கியது. அவ்வாயில் வழியே வந்த வணிகம் நொய்யலாற்றின் கரையை ஒட்டிக் கருவூர் நோக்கிச் சென்றது. சென்னிமலையை அடுத்து நொய்யல் கரையிலுள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்பெறும் ஊர் என்பர் ஆய்வாளர். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளில் மணிக்கல் தொழிலும் இரும்புத் தொழிலும் சிறந்திருந்த சான்றுகள் அங்கே வெளிப்பட்டன. கொங்குப் பகுதியில் கிடைத்த உரோமானிய நாணயங்களும் இவ்வழியின் பழமைக்குச் சான்று கூறுவன.

கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் பாறையொன்றில் வெட்டப்பெற்றுள்ள கல்வெட்டு, இராசகேசரிப் பெருவழி என்னும் பெயரைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறித்து வைத்திருக்கிறது. அரசன் ஒருவன் தன் பெயரைக் கோயிலுக்கும் ஏரிக்கும் இட்டதுபோல் நடைவழிக்கும் இட்டான் என்பது எண்ணத்தக்கது.

ஆயினும் அரசன் பெயரால் அமைந்த வழியில் நடந்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. பொதிமாட்டின் பின்னே சென்றோர், தலைச்சுமையாகப் பஞ்சும் தானியமும் கொண்டு சென்றோர், சந்தைக்கு விடியுமுன் புறப்பட்ட பெண்டிர் ஆகியோரே அவ்வழிகளின் உண்மையான உரிமையாளர். அவர்களின் நினைவாக எஞ்சியிருப்பவை சுமைதாங்கிக் கற்கள். ஒருவர் துணையின்றித் தலைச்சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் தகுந்த உயரத்தில் நாட்டப்பெற்ற அக்கற்களைக் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அமைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் இருந்தது. இறக்கப்படாத சுமையோடு மறைந்தவளுக்காக, வழிநடப்போர் சுமையை இறக்க ஒரு கல். நடை என்பது நம் முன்னோரில் மிகப்பலர்க்குச் சுமையோடு சேர்ந்ததாகவே இருந்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

படியேறிய பக்தி

இச்சுமை நடையிலிருந்து வேறுபட்டு, தானே விரும்பி மேற்கொள்ளும் நடையாகத் தமிழகத்தில் நிலைபெற்றது திருத்தல நடை. குன்றுதோறும் முருகன் உறைகின்றான் என்னும் நம்பிக்கை மலையேற்றத்திற்கு ஒரு நோக்கத்தைத் தந்தது. பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் மரபும், எடப்பாடியிலிருந்து பெருங்கூட்டமாக வந்து மலைமேல் இரவு தங்கும் உரிமை பெற்ற பருவதராசகுலத்தார் மரபும் பலரும் அறிந்தவை. சென்னிமலைக்கு 1320 படிகள். காங்கயத்தை அடுத்த சிவன்மலையும் ஊதியூர் மலையும் உள்ளூரார் கால்கள் நன்கறிந்தவை.

இவற்றுள் கடினமானது வெள்ளியங்கிரி. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்தால் உச்சிக் குகையில் இறைவனைக் காணலாம். மாசி முதல் வைகாசி வரையிலான பருவத்தில், கையில் மூங்கில் தடியோடு, வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவிலேயே ஏறுவர். கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை, சீதைவனம் என வழியிலுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டு. மலையேறுவோன் களைப்பை மறக்கக் கதையைப் போல் துணை வேறில்லை என்பதை அப்பெயர்களை இட்டோர் அறிந்திருந்தனர்.

வெள்ளியங்கிரிக்கும் திருப்பூருக்கும் உள்ள உறவு பக்தியோடு நிற்பதில்லை. நொய்யல் பிறப்பது அம்மலைத் தொடரில்தான். காஞ்சிமாநதி எனப் புராணம் போற்றும் அவ்வாறு, திருப்பூரை அடைந்தபோது சாயக்கழிவைச் சுமந்து ஓடிய காலத்தை இத்தலைமுறை கண்டது. 1992இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கு மாறாகக் கழிவுநீரின் தேக்கமாயிற்று. விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவனும் வெள்ளியங்கிரிக்கு ஏறினான். மலையில் பளிங்குபோல் வழியும் நீரைக் கையில் அள்ளிக் குடித்தான். ஆற்றின் இரு முகங்களையும் கண்டவன் அவன். வண்டியில் செல்வோர்க்கு ஆறு பாலத்தின் கீழே நொடியில் மறைவது; ஏறிச்சென்று ஊற்றைக் கண்டவனுக்கே அது எங்கிருந்து எங்கு வந்து கெட்டது என்பது தெரியும்.

பக்தி நடையிலும் எல்லோரும் நடக்க விரும்பினர் அல்லர். பழனியில் 1966இல் இழுவை ஊர்தி வந்தது. 2004இல் கம்பிவட ஊர்தி வந்தது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவை அருள். நடக்க இயன்றும் நடக்க விரும்பாதோர்க்கும் அவை வாய்ப்பு. வெள்ளியங்கிரியிலோ பெண்கள் ஏறுவதற்குக் குறிப்பிட்ட வயதினர்க்குத் தடையாக வழக்கம் ஒன்று நெடுங்காலம் நின்றது. ஏறுவதை வெறுத்தோர் சிலர்; ஏற விடப்படாதோர் பலர்.

பார்வைக்காக ஏறியவர்கள்

வேண்டுதலும் இன்றி, வாணிகமும் இன்றி, காட்சிக்காகவே மலையேறுதல் மேலைநாட்டிலும் பிந்தியே தோன்றியது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336 ஏப்ரல் 26 அன்று பிரான்சு நாட்டு வெந்தூ மலையில் ஏறியதாக எழுதிய மடல் இதன் தொடக்கமாகச் சுட்டப்பெறுவதுண்டு. உச்சியை அடைந்த அவர் உடன்கொண்டு சென்ற புனித அகுஸ்தீனின் நூலைத் திறந்து படித்து, வெளிக்காட்சியில் மயங்கித் தன்னுள்ளத்தை நோக்காதிருந்தமைக்கு நாணினார் என்பது அம்மடலின் செய்தி. மலையேற்றத்தை விரும்பியவரும் அதனை ஐயுற்றவரும் ஒருவரே என்பது இங்குக் குறிக்கத்தக்கது. இலண்டனில் ஆல்ப்சு மலையேறுவோர் சங்கம் 1857இல்தான் தோன்றியது.

அவ்விருப்பம் கொங்கு நாட்டுக்கு வந்தது கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் சான் சல்லிவனோடு. 1819இல் அவர் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டினார். வெப்பத்திற்கு அஞ்சிய வெள்ளையர்க்கு அம்மலை இரண்டாம் இங்கிலாந்தாயிற்று. தோடரும் படுகரும் கோத்தரும் காலங்காலமாக நடந்து பழகிய மலையைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக ஏடுகள் எழுதின. வெள்ளையர் குதிரையிலும் பல்லக்கிலும் ஏற, அவர்தம் கூடாரமும் பெட்டியும் சமவெளிக் கூலியாட்களின் தலையில் ஏறின. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இருப்புப்பாதை 1899இல் வரும்வரை அச்சுமை தொடர்ந்தது.

அதே நூற்றாண்டில் தமிழகத்து ஏழையர் மலையேறிய வேறு வழிகளும் உண்டு. பஞ்சத்திற்கு அஞ்சிப் படகேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே மாத்தளைக்கும் அப்பாலுள்ள காப்பித் தோட்டங்களுக்கும் நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே இரையானோர் எண்ணற்றோர். ஆனைமலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னே ஏறியவர்களும் கால்நடையாகவே ஏறினர். 1942இல் சப்பானியப் படை பர்மாவுள் புகுந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். அவர்களுள் தமிழர் பலர். வழியில் வீழ்ந்தோரைப் புதைக்கவும் நேரமின்றி நடந்த நடை அது. அத்தகைய நினைவுகளைச் சுமந்த குடும்பத்தில், பொழுதுபோக்காக மலையேறப் போகிறேன் என்று ஒரு பேரன் சொன்னால், பாட்டியின் முகம் சுருங்குவதில் வியப்பென்ன இருக்கிறது?

நடக்கும் உரிமை

நடை துன்பமாக இருந்தது போலவே, மறுக்கப்பட்ட உரிமையாகவும் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் சில தெருக்களில் நடக்கவே கூடாது. நடந்தாலும் செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்னும் கொடுமை கொங்குச் சிற்றூர்களும் அறிந்ததே. 1924 மார்ச் 30இல் தொடங்கிய வைக்கம் அறப்போரின் கோரிக்கை கோயிலுள் நுழைவதுகூட அன்று. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பது. ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் அப்போரில் இருமுறை சிறைப்பட்டார்.

1930இல் நடை நாட்டின் ஆயுதமாயிற்று. காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். இராசாசியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தனர். அவ்வழிநடைக்குப் பாட்டெழுதித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. கவிதை கால்களுக்குத் துணையாகச் சென்ற நிகழ்ச்சிகளுள் அது தலையாயது.

1932ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு சனவரி 10 அன்று திருப்பூர் வீதியில் தடையை மீறி ஒரு சிறு ஊர்வலம் நடந்தது. சென்னிமலையில் 1904இல் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்த குமரன் கையில் கொடியோடு அதில் நடந்தார். காவலர் தடியடியில் வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். அவர் நடந்த தொலைவு மிகச் சிறிது; அந்நடையோ இவ்வூரின் பெயரோடு நிலைத்துவிட்டது.

அவ்வாண்டே ஏப்ரல் 24 அன்று, கடல்கடந்த மற்றொரு நெசவு நகரான மான்செசுடரின் அருகே, கிண்டர் சுகௌட் என்னும் மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 400 பேர் ஏறினர். பெரும்பாலோர் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்த இளைஞர், வேலையிழந்தோரும் உண்டு. வாரம் முழுதும் புகையில் உழன்றவர்க்கு ஞாயிற்றுக்கிழமை மலையேற்றமே மூச்சாயிற்று. ஆனால் அம்மேட்டுநிலம் பிரபுக்களின் வேட்டைக்காடு. பொதுமக்கள் அடிவைக்கத் தடை. தடையை மீறி ஏறியோருள் ஐவர் சிறை சென்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அகவை இருபது. 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1951இல் அப்பகுதியே இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. வேட்டைக்காட்டின் உரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த தெவன்சயர் பிரபு, எழுபதாண்டு கழித்து 2002இல், தம் முன்னோர் செய்கைக்காக வருந்துவதாகப் பொதுமேடையில் அறிவித்தார்.

அதற்கு ஏழு திங்களுக்கு முன், 1931 செப்டம்பரில், காந்தியடிகள் இலங்காசயர் ஆலைத் தொழிலாளரிடையே சென்றிருந்தார். கதர் இயக்கத்தால் வேலையிழந்ததாகக் கருதிய அம்மக்கள் அவரை அன்போடு வரவேற்றனர். அந்நியத் துணிக்கு எதிராக எழுந்த இயக்கத்தில் திருப்பூர்த் தொண்டர் நடந்ததும், அத்துணியை நெய்த நாட்டுத் தொழிலாளர் தம் மலையில் ஏற நடந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இரண்டிற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், நடக்கக் கூடாது என்று பிறர் கோடிட்ட இடத்தில் அடிவைப்பது என்னும் ஒன்றில் இரண்டும் கூடுகின்றன.

குரங்கணிக்குப் பின்

அண்மைக் காலத்தில் மலைநடை நகரத்து இளைஞரின் விருப்பமாக வளர்ந்திருக்கிறது. பின்னலாடை நகரத்திற்கும் அது வந்தது. ஆனால் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து சென்றோர் ஒரு குழு; ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்றோர் மற்றொரு குழு. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த போதைப்புல் மண்டிய சரிவில் காற்றோடு ஏறிவரும் தீக்கு முன்னால் மனிதக்கால் விரைவு போதாது. கோடையில் புல்வெளி மலையின் இயல்பை அறியாமல் ஏறுவதன் இடர் அன்று தெரிந்தது. மலைபடுகடாத்துப் புலவன் வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னது அச்சுறுத்துவதற்காக அன்று, உயிர்காப்பதற்காக என்பது அந்நாளில் நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும்.

அதன்பின் அவ்வாண்டே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தையும் தொடங்கியது. காட்டை அறிந்த பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர். முன்பதிவும் காலவரையும் வந்தன. அக்காலத்துக் கூத்தனுக்கு வழிசொன்ன குறவனின் இடத்தில் இன்று அவ்விளைஞர் நிற்கின்றனர். ஆயினும், இவ்வேற்பாடு நகரத்தார் ஏறுவதற்கு வழிசெய்ததேயன்றி, மலையிலிருப்போர் இறங்குவதற்கு அன்று.

2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், திருமூர்த்தி மலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி முதலிய மலையூர்கள் உள்ளன. அம்மக்கள் சந்தைக்கும் மருத்துவத்திற்கும் நடந்தே இறங்கி நடந்தே ஏறி வந்தனர். கருவுற்ற பெண்ணையும் நோயாளியையும் மூங்கிலில் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து செங்குத்துச் சரிவில் இறங்குவது அங்கே பழகிப்போன காட்சி. நெடுங்காலமாக அவர்கள் கேட்டுவந்தது சாலை. நகரத்தான் பணம் கட்டி நடக்க விரும்பும் அதே வகை வழியை அவர்கள் நடக்க வேண்டாத வழியாக்க விரும்புகின்றனர். இதனை முரண் என்று சிரித்துக் கடந்துவிட முடியாது. ஏறியபின் இறங்கி வீடு திரும்பலாம் என்னும் உறுதி உள்ளவனுக்கே மலை இன்பம் தருகிறது. வீடே மலைமேல் இருந்து, பேறுகால வலியில் மனைவி துடிக்கும்போது, அந்த அருவியின் ஒலி யார் காதில் விழும்?

ஆகவே நடையை வெறுப்போரைச் சோம்பர் என்று பழிப்பதும், விரும்புவோரை வேலையற்றோர் என்று இகழ்வதும் பொருந்தா. சுமையோடு நடந்தவன் மகன் மிதிவண்டி வாங்கினான். அவன் மகன் மோட்டார் வண்டி வாங்கினான். மூன்றாம் தலைமுறை மலைக்குச் சென்று நடக்க விரும்புகிறதென்றால், முதல் தலைமுறை நடந்த நடையிலிருந்து அதற்கு விடுதலை கிடைத்திருக்கிறது என்று பொருள். அவ்விடுதலை இன்னும் கிட்டாதோர் மலையிலும் உளர். பின்னலாடை ஆலைகளின் வாயிலில் இரவு ஷிப்டு முடிந்து பேருந்தில்லாமல் அறைக்கு நடக்கும் வெளிமாநிலத் தொழிலாளரிடையேயும் உளர்.

குறிஞ்சியையும் பாலையையும் ஒரே ஐந்திணைக்குள் அடுத்தடுத்து வைத்த மரபு நம்முடையது. மலையின் வனப்பைப் பாடும் இன்றைய கவிஞர், அம்மலையிலிருந்து தொட்டிலில் இறங்குவோரையும் பாடினாலன்றி அம்மரபு முழுமை பெறாது. சுமைதாங்கிக் கற்கள் பல சாலை அகலப்படுத்தலில் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றில் இன்று யாரும் சுமை இறக்குவதில்லை. அவற்றின் அருகே ஒருமுறை நின்று பார்ப்பவர், கொங்கு நாடு எதன்மேல் நடந்து இவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது என்பதை அறிவர்.